சிஸ்டர் பெனடிக்டிடம் ஏன் மறைத்தார்கள்?

கேள்வி இதுதான்: சின்ன வயதில் டிவியில் பார்த்த ஒரு கருப்பு வெள்ளை ஆங்கிலப் படம். பள்ளிக்கூடம் நடத்தும் கன்னியாஸ்திரி ஒருவர், எப்போதும் அடிவாங்கும் ஒரு பையனுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பார். பாட்டுப் பாடும் சாமியார் ஒருவர் வருவார். கடைசியில் அந்த சிஸ்டரை, காரணம் சொல்லாமலேயே வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அது என்ன படம்? அந்தச் சாமியார் செய்தது நியாயமா? இப்போது பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

படம் 'தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரீஸ்'. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில மாதங்களில், 1945 டிசம்பரில் வந்தது. ஃபாதர் ஓமாலியாக பிங் கிராஸ்பி, சிஸ்டர் மேரி பெனடிக்ட்டாக இங்க்ரிட் பெர்க்மன், இயக்கம் லியோ மெக்கேரி. சாமியார் செய்தது நியாயமா என்றால், இல்லை என்பதுதான் என் பதில். ஏன் இல்லை என்று சொல்ல, படத்தின் ஆரம்பத்தில் வரும் ஒரு பூனைக்குட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

இது உண்மையில் இரண்டாம் பாகம். இதே மெக்கேரி 1944ல் இதே ஓமாலி பாத்திரத்தை வைத்து 'கோயிங் மை வே' என்ற படம் எடுத்தார். அதற்கு 7 ஆஸ்கர் கிடைத்தது. (அதில் கிழட்டுச் சாமியாராக நடித்து விருது வாங்கிய பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், வீட்டுக்குள் கோல்ஃப் மட்டையைச் சுழற்றி ஆஸ்கர் சிலையின் தலையைத் தட்டிவிட்டார். போர்க்காலம் என்பதால் அப்போது சிலைகளை உலோகத்தில் செய்யவில்லை, பிளாஸ்டரில்தான் செய்தார்கள்.) 1945 மார்ச்சில் அந்த விழா நடந்தபோது இரண்டாம் பாகத்தின் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. அன்று கிராஸ்பிக்கும் மெக்கேரிக்கும் விருது. வேறொரு படத்துக்காகப் பெர்க்மனுக்கும் விருது. மேடையேறிய பெர்க்மன், விருது வாங்காமல் நாளைக்கு ஷூட்டிங்குக்குப் போயிருந்தால் இவர்கள் இரண்டு பேரும் என்னோடு பேசியே இருக்க மாட்டார்கள் என்கிற மாதிரி சொல்லிச் சிரிக்கவைத்தார். அந்த வேடிக்கை மனநிலை படத்திலும் தெரியும்.

மெக்கேரி ஊமைப்பட காலத்திலிருந்து வந்தவர். லாரல், ஹார்டி என்ற இரண்டு பேரை ஜோடியாக வளர்த்துவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எழுதிய வசனத்தை அப்படியே எடுக்க மாட்டார். செட்டில் பியானோவில் உட்கார்ந்து எதையாவது வாசித்துக்கொண்டிருப்பார், திடீரென்று ஒன்று தோன்றும், அதை நடிகர்களிடம் சொல்லி எடுத்துவிடுவார். கதையை நகர்த்துவதைவிட, ஓர் அறைக்குள் நாலு பேரை விட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்தான் அவருக்கு ருசி.

இப்போது பூனைக்குட்டி. புதிதாகப் பொறுப்பேற்க வந்த ஃபாதர் ஓமாலி, சிஸ்டர்களை எல்லாம் கூட்டி வைத்து முதல்முறையாகப் பேசுகிறார். அவருடைய வைக்கோல் தொப்பி பின்னால் கணப்படுப்பின் மேல்தட்டில் இருக்கிறது. ஒரு பூனைக்குட்டி அதற்குள் நுழைந்துகொள்கிறது. தொப்பி தானாக நகர்கிறது, ஆடுகிறது, திரும்புகிறது. சாமியாருக்கு முதுகுப்பக்கம் நடப்பது தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் சிஸ்டர்கள் அத்தனை பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார்கள். நாம் என்ன அப்படிச் சிரிக்கும்படி சொல்லிவிட்டோம் என்று குழம்பியபடியே அவர் பேச்சைத் தொடர்கிறார். அறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. அவ்வளவுதான் காட்சி.

படத்தின் கடைசி அரை மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே அமைப்புதான். சிஸ்டரை ஏன் மாற்றுகிறார்கள் என்பது டாக்டருக்குத் தெரியும், சாமியாருக்குத் தெரியும், படம் பார்க்கும் நமக்கும் தெரியும். சிஸ்டர் பெனடிக்டுக்கு மட்டும் தெரியாது. முதலில் சிரிக்கவைத்த அதே ஏற்பாடு இங்கே வலிக்கிறது. மெக்கேரி இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது வேறு விஷயம், ஆனால் படம் முழுக்க யாராவது யாரிடமாவது எதையாவது மறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குத்துச்சண்டைக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நினைவில் நின்றதும் அதுதானே. பள்ளி மைதானத்தில் எடி என்ற பையன் இன்னொருவனிடம் அடிவாங்குகிறான். அவன் திருப்பி அடிக்கவில்லை, மறு கன்னத்தைக் காட்டு என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததை நம்பியவன். ஓமாலிக்கு அது பிடிக்கவில்லை. வெளியே இருப்பது ஆண்களின் உலகம், பையன்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளக் கற்க வேண்டாமா என்கிறார். அந்த ஆண்கள் உலகத்தை எப்படி நடத்திக்கொண்டிருக்கிறார்கள் ஃபாதர் என்று சிஸ்டர் கேட்கிறார். அவ்வளவு ஒன்றும் நன்றாக நடத்தவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 1945ல், அணுகுண்டு விழுந்த அதே வருஷத்தில், தியேட்டரில் உட்கார்ந்து இந்த இரண்டு வரியைக் கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள்.

வாதத்தில் ஜெயித்த பிறகும் அந்தப் பையன் முகத்தில் உள்ள காயம் சிஸ்டரை விடவில்லை. சாமியாருக்குத் தெரியாமல் கடைக்குப் போகிறார். குத்துச்சண்டை கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்குகிறார். படித்துக் கற்றுக்கொண்டு, அங்கியோடு துள்ளித் துள்ளிக் கால்வைப்பு எப்படி, தலையை எப்படி ஒதுக்குவது என்று எடிக்குக் காட்டுகிறார். பையன் உற்சாகத்தில் விட்ட ஒரு குத்து அவர் தாடையிலேயே விழுகிறது. பெர்க்மன் உயரமானவர், அசைவில் ஒரு விளையாட்டுக்காரியின் துள்ளல் இருக்கும். நீண்ட கறுப்பு அங்கிக்குள் அந்தத் துள்ளல் மாட்டிக்கொண்டு திமிறுவதுதான் காட்சியின் அழகு.

இனி, அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் முடிவு புரியாது. அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் அயர்லாந்து, இத்தாலி, போலந்து, ஜெர்மனி என்று வந்து குடியேறியவர்கள். அரசுப் பள்ளிகள் பிராட்டஸ்டன்ட் வாடையோடு இருக்கின்றன என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. 1884ல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்), ஒவ்வொரு பங்கும் (ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்) தனக்கென்று ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கட்டடத்துக்குப் பங்கு மக்கள் காசு போட்டார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு? அங்கேதான் கன்னியர்கள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்த பெண்கள், கைச்செலவுக்குக்கூடப் போதாத தொகைக்கு, ஒரே வகுப்பில் 50, 60 பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள். 1960களின் நடுவில் இந்தப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் படித்தார்கள். பிறகு கன்னியர் எண்ணிக்கை சரிய, சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டி வந்தது, ஆயிரக்கணக்கில் பள்ளிகள் மூடப்பட்டன. இன்று 20 லட்சம்கூட இல்லை.

பள்ளியை நடத்துவது சிஸ்டர். ஆனால் பள்ளி பங்கினுடையது, பங்கின் தலைவர் சாமியார். படத்தில் ஓமாலி பொறுப்பேற்ற முதல் நாளே, யாரையும் கேட்காமல் பிள்ளைகளுக்கு விடுமுறை கொடுத்துவிடுவார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தலைமை ஆசிரியையின் முகத்தைப் பாருங்கள். இரண்டு பேரும் கடைசிவரை அவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொள்வதால் பலருக்கு இது தெரிவதில்லை, ஆனால் படம் முழுக்க நடப்பது ஓர் அதிகாரச் சண்டை. அதில் ஒருவர் கையில்தான் கடைசிச் சொல் இருக்கிறது.

அந்தச் சண்டை முற்றுவது பாட்ஸி என்ற பெண்ணால். அவள் பிறந்த காலத்திலேயே அப்பா, பியானோ வாசிப்பவர், விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா எப்படிப் பிழைக்கிறாள் என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்லாது. சொல்லவும் முடியாது. 1930ல் எழுதி 1934 முதல் கறாராக அமல்படுத்தப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதிகள் அப்போது இருந்தன. அவற்றை எழுதியதில் ஒரு சேசு சபைச் சாமியாரின் கை உண்டு, அமல்படுத்திய ஜோசஃப் ப்ரீனும் கத்தோலிக்கர். (படத்தில் சாமியார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் பெயரும் மிசஸ் ப்ரீன். மெக்கேரியின் குசும்போ என்னவோ.) ஆக, அம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறாள், ஓமாலி மேலே கேட்காமல் விடுகிறார், நமக்குப் புரிந்துவிடுகிறது. விதி இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காட்சி இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

ஓமாலி அந்தப் பெண்ணைப் பள்ளியில் தங்கிப் படிக்கச் சேர்த்துவிடுகிறார், அப்பாவையும் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறார். ஆனால் பாட்ஸி, அம்மாவோடு இருக்கும் ஆணைப் பார்த்துவிட்டு, அது தன் அப்பா என்று தெரியாமல், வேறு யாரோ என்று நினைத்து உடைந்துபோகிறாள். பரீட்சையில் தோற்றுப்போகிறாள். தேறவில்லை என்றால் தேறவில்லைதான், தரத்தைத் தளர்த்த முடியாது என்று சிஸ்டர். பாவம் அந்தப் பிள்ளை, வீட்டு நிலைமை தெரியாதா, தூக்கிவிடலாம் என்று சாமியார். உண்மை என்னவென்றால், வீட்டுக்குப் போகாமல் இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கலாம் என்று அவள் வேண்டுமென்றே தோற்றிருக்கிறாள். ஓமாலியின் இரக்கம் நிறைவேறியிருந்தால் அவள் எதற்குப் பயந்தாளோ அங்கேயே அனுப்பியிருக்கும். சிஸ்டருக்கும் இது முதலில் தெரியவில்லை. ஆனாலும் விடைத்தாள் விடைத்தாளாகவே இருக்கட்டும் என்று அவர் பிடித்த பிடியால்தான் விஷயம் வெளியே வருகிறது. நானும் கன்னியாஸ்திரி ஆகிவிடுகிறேன் என்று பாட்ஸி வந்து நிற்கும்போது சிஸ்டர் தரும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது: எதையோ இழந்துவிட்டோம் என்பதற்காக யாரும் இங்கே வருவதில்லை, எதையோ கண்டடைந்ததால் வருகிறோம், இது ஓடி ஒளியும் இடம் இல்லை.

பக்கத்து மனையில் பெரிய கட்டடம் எழுப்பும் பணக்காரர் போகார்டஸின் கதையும் ஒன்று ஓடும். பள்ளியை வாங்கி இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவரே தன் கட்டடத்தைப் பள்ளிக்குத் தானமாகத் தர வேண்டும் என்பது சிஸ்டர்களின் ஜெபம். டாக்டரை வைத்துக்கொண்டு, நல்ல காரியம் செய்தால் இதயத்துக்கு நல்லது என்று கிழவரை மனம் மாறவைக்கிறார் ஓமாலி. போகார்டஸாக வரும் ஹென்றி டிராவர்ஸின் நடிப்பால் ரசிக்கலாம், மற்றபடி படத்தின் பலவீனமான பகுதி இதுதான். ஆனால் இடிந்து விழும் பள்ளிக் கட்டடம் என்பதை வெறும் வேடிக்கையாக என்னால் பார்க்க முடிவதில்லை. 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் இதேபோன்ற ஒரு பழைய பங்குப் பள்ளியில் தீப்பிடித்து 92 பிள்ளைகளும் 3 கன்னியர்களும் இறந்தார்கள். பழைய கட்டடம் என்பதால் புதிய தீப்பாதுகாப்பு விதிகள் அதற்குப் பொருந்தாமல் விடப்பட்டிருந்தன.

இனி நீங்கள் கேட்ட முடிவு. சிஸ்டருக்குக் காசநோய், ஆரம்ப நிலை. வறண்ட தட்பவெப்பமுள்ள இடத்துக்கு அனுப்புங்கள், பிள்ளைகளோடு வேலை வேண்டாம், முக்கியமாக அவரிடம் நோயைச் சொல்லாதீர்கள், தெரிந்தால் மனம் தளர்ந்து குணமாவது தடைப்படும் என்கிறார் டாக்டர். இது கதைக்காகக் கட்டியது இல்லை. காசநோயைக் குணமாக்கும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல். படம் வந்தபோது அது பரவலாகக் கிடைக்கவில்லை. ஓய்வு, நல்ல சாப்பாடு, அரிசோனா போன்ற இடங்களின் வறண்ட காற்று, இவைதான் வைத்தியம். நோயாளியிடம் மறைப்பதும் அன்று வழக்கம்தான். 1961ல் சிகாகோவில் ஓர் ஆய்வு நடத்தியபோது, புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதே தங்கள் வழக்கம் என்று பத்தில் ஒன்பது டாக்டர்கள் சொன்னார்கள். 1970களின் கடைசியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது.

ஆக, அந்தக் காலத்து அளவுகோலில் ஓமாலி கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மறைத்ததால் என்ன ஆனது என்று பாருங்கள். கொஞ்ச நாள் முன்புதான் பாட்ஸி விஷயத்தில் இரண்டு பேரும் மோதியிருக்கிறார்கள். இப்போது திடீரென்று மாற்றல். சிஸ்டர் என்ன நினைப்பார்? எதிர்த்துப் பேசினேன், தூக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்கவும் முடியாது, கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு. நோயால் மனம் தளரக்கூடாது என்று மறைத்தவர்கள், நோயைவிட மோசமான ஒன்றை அவர் நெஞ்சில் வைத்துவிட்டார்கள். தவிர, இருமலோடு தொற்றும் நோய் உள்ளவருக்கு அது தெரியாமலேயே இன்னொரு மடத்தில் மற்ற சிஸ்டர்களோடு சாப்பிட்டுத் தூங்க அனுப்புவது என்ன வைத்தியம் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

அங்கே வருகிறது அந்தச் சிற்றாலயக் காட்சி. யாரும் இல்லை. சிஸ்டர் மண்டியிட்டு வாய்விட்டு ஜெபிக்கிறார். என்னைப் போகவிடாதே என்று கேட்கவில்லை. என் மனதில் இருக்கும் கசப்பை எடுத்துவிடு என்று கேட்கிறார். பெர்க்மன் அழுகையைக் காட்டாமல், குரல் மட்டும் ஓர் இடத்தில் பிசிறுமாறு விடுகிறார். பிங் கிராஸ்பியை எனக்குப் பிடிக்கும், சும்மா சாய்ந்து நின்றபடியே நடித்துவிடுவார், ஆனால் இந்தக் காட்சிக்குப் பிறகு படம் முழுக்கப் பெர்க்மனுடையது.

பிறகு பிரியும் நேரம். சிஸ்டர் கிளம்பிவிட்டார். ஓமாலியால் பொறுக்க முடியவில்லை, கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்: உங்களுக்குக் காசநோய், அதனால்தான். பெர்க்மன் முகம் அப்படியே மலர்கிறது. சினிமாவில் நோயின் பெயரைக் கேட்டு ஒருத்தி உடைந்து அழுவாள். இங்கே நன்றி சொல்லி, என்னை எவ்வளவு சந்தோஷப்படுத்திவிட்டீர்கள் என்கிறார். சாமியார் செய்தது சரியா என்று கேட்டீர்களே, படத்தின் சொந்தப் பதில் அந்த முகத்தில் இருக்கிறது. சொன்னதும் இவ்வளவு நிம்மதி என்றால், முதல் நாளே சொல்லியிருக்கலாமே.

இந்த வேஷம் பெர்க்மனைச் சும்மா விடவில்லை. 1949ல், கணவரும் மகளும் இருக்கும்போதே இத்தாலிய இயக்குநர் ரோசெலினியோடு அவர் வாழத் தொடங்கி, குழந்தையும் பிறந்ததும் அமெரிக்காவே கொதித்தது. 1950 மார்ச்சில் கொலராடோ செனட்டர் எட்வின் ஜான்சன் செனட் அவையிலேயே அவரைத் திட்டித் தீர்த்தார். எத்தனையோ நடிகைகள் விவாகரத்து செய்துகொண்டிருந்த ஊர் அது. இவர்மீது மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? மக்கள் அவரை சிஸ்டர் பெனடிக்டாகவே நினைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் பெர்க்மன் கத்தோலிக்கரே இல்லை, ஸ்வீடனின் லூத்தரன். படத்தில் ஓரிடத்தில் அவர் பியானோவில் உட்கார்ந்து ஸ்வீடிஷ் பாட்டு ஒன்று பாடுவார், கவனியுங்கள்.

பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும், போகார்டஸ் வரும் இடங்களில் சின்னவர்கள் நெளிவார்கள், பரவாயில்லை. பூனைக்குட்டிக்கும் குத்துச்சண்டைக்கும் எந்த வயதுப் பிள்ளையும் சிரிக்கும். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு மட்டும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் இயேசு பிறப்பை நடித்துக்காட்டும், மனப்பாடம் செய்த வசனம் போலவே இருக்காது, கடைசியில் குழந்தை இயேசுவுக்கு ஹாப்பி பர்த்டே பாடி முடிக்கும். இந்த ஒரு காட்சியால்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் இதைக் கிறிஸ்துமஸ் படம் என்று போடுகிறார்கள்.

அந்தப் பிரிவுக் காட்சியைப் பற்றி இன்னொன்று. படப்பிடிப்பில் அதை எடுத்து முடித்ததும், எனக்குத் திருப்தியில்லை, இன்னொரு முறை எடுக்கலாம் என்று பெர்க்மன் கேட்டாராம். கேமரா ஓடியது. நன்றி ஃபாதர் என்று சொன்னவர், கழுத்தைக் கட்டிக்கொண்டு கிராஸ்பியின் வாயிலேயே ஒரு முத்தம் வைத்துவிட்டார். ஆலோசனை சொல்வதற்காக செட்டில் இருந்த நிஜச் சாமியார், இதெல்லாம் கூடாது, இதெல்லாம் கூடாது என்று பதறி எழுந்து ஓடிவந்தார். சுற்றியிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு விளையாட்டு என்று புரிந்தது.